வென்றவன் வீட்டுக்குள் என்ன நடந்தது? – வரலாற்றுப் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு நடத்துகிறவன். அலெக்சாண்டருக்குப் பிந்தைய காலம் வந்தால், "கிரேக்கப் பண்பாடும் கீழைப் பண்பாடும் கலந்தன" என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் அதை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்வார்கள். போன மாதம் ஒரு மாணவி எழுந்து, "ஜெயிச்சவங்க எதுக்கு சார் மாறணும்?" என்று கேட்டாள். அந்த ஒரு வரியை வைத்து அவளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் பாரசீகத்தின் சூசா நகரில் நடந்த திருமணம். கி.மு. 324இல் அலெக்சாண்டர், தான் தோற்கடித்த பாரசீக மன்னன் மூன்றாம் டேரியஸின் மகளை மணந்தார். ஏறத்தாழ 80 தளபதிகளுக்கும் பாரசீக முறைப்படியே மேட்டுக்குடிப் பெண்களை மணம் முடித்து வைத்தார். சரி, அப்புறம் என்ன ஆயிற்று? அடுத்த ஆண்டே அவர் இறந்தார். அந்தத் தளபதிகளில் ஒருவரான செலூக்கஸ் தன் மனைவி அபாமாவோடு வாழ்ந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் அந்த மனைவியரைக் கைவிட்டதாகவே அறிஞர்கள் கருதுகிறார்கள். அரசன் உத்தரவு போட்டு நடத்திய கல்யாணம் அரசனோடு போயிற்று.

ஆனால் ஊரில் குடியேறிய படைக்காரனின் வீடு அப்படிக் கலையவில்லை. மாணவிக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. அலெக்சாண்டருக்குப் பின் கிரேக்க அரசர்கள் ஆண்ட எகிப்தில், லக்சருக்குத் தெற்கே பத்திரிஸ் என்ற சிற்றூர். அங்கே வாழ்ந்த டிரைட்டன் என்ற கிரேக்கக் குதிரைப்படை அதிகாரி, கி.மு. 150 வாக்கில் அப்பொலோனியா என்பவளை மணந்தார். அவளுக்குச் சென்மொந்திஸ் என்று ஓர் எகிப்தியப் பெயரும் இருந்தது. அவள் அப்பாவுக்கும் இரண்டு பெயர்கள். ஏட்டளவில் கிரேக்க வழி என்று சொல்லிக்கொண்ட அந்தக் குடும்பம் வாழ்ந்ததெல்லாம் எகிப்தியர்களாகத்தான். டிரைட்டனுக்குப் பிறந்த ஐந்து மகள்களுக்கும் ஆளுக்கு ஒரு கிரேக்கப் பெயர், ஓர் எகிப்தியப் பெயர். அவர்களில் சிலருடைய மணவிலக்குப் பத்திரங்கள் கிடைத்திருக்கின்றன. அவை கிரேக்கத்தில் இல்லை, எகிப்தியரின் டெமோட்டிக் எழுத்தில் இருக்கின்றன.

ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? கிரேக்கச் சட்டப்படி ஒரு பெண் பத்திரம் எழுத ஓர் ஆண் காப்பாளர் கூட நிற்க வேண்டும். எகிப்தியச் சட்டத்தில் அது தேவையில்லை. அவளே சொத்து வைத்துக்கொள்ளலாம், கடன் கொடுக்கலாம், மணவாழ்வை முறித்துக்கொள்ளலாம். அப்பொலோனியாவே தானியமும் பணமும் கடன் கொடுத்தவள். எந்தச் சட்டம் தனக்கு இடம் கொடுக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் 'கலந்தன' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

படையோடு வந்தவனுக்குத் தாய்மாமன் இல்லை, அத்தை இல்லை. பிள்ளை பிறந்தால் யாரைக் கூப்பிடுவது, காய்ச்சல் வந்தால் எந்தத் தெய்வத்துக்கு வேண்டிக்கொள்வது, எல்லாம் மனைவியின் ஊர் சொன்னபடிதான். பிள்ளைகள் அம்மாவிடமும் பாட்டியிடமும் பேசக் கற்றார்கள். அலெக்சாண்டருக்கே இது தெரிந்திருந்தது. ஓப்பிஸ் நகரில் மூத்த வீரர்களை ஊருக்கு அனுப்பியபோது, ஆசியப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளைத் தன்னிடம் விட்டுப் போகச் சொன்னார். தன் தாய்நாடான மாசிடோனியாவின் முறையில் தானே வளர்ப்பதாகவும் வாக்குக் கொடுத்தார்.

'கலந்தன' என்ற அந்தச் சொல் என்னை உறுத்த இன்னொரு காரணமும் உண்டு. படைக்காரனுக்கு மனம் ஒப்பிப் பெண் கொடுத்தவர்கள் இருந்தார்கள். போரில் பிடிபட்ட பெண்களும் இருந்தார்கள். சூசா மணப்பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இது புரியும்.

நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். கி.மு. 126இல் டிரைட்டன் எழுதிய உயிலைப் போடுங்கள். போர்க்குதிரையும் ஆயுதங்களும் மகனுக்கு. திராட்சைத் தோட்டம், சுட்ட செங்கல் கிணறு, புறாக்கூடு, பாதி கட்டி நிற்கும் இன்னொரு புறாக்கூடு, இவையும் மகனுக்கே. மீதிச் சொத்தில் ஒரு பகுதியில் மகனுக்குப் பாதி, மகள்களுக்குப் பாதி. பக்கத்திலேயே அந்த ஐந்து பெண்களின் பெயர்களையும் அச்சிடுங்கள், இரண்டிரண்டாக.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்