சாக் கணக்கை மட்டும் பார்க்காதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

எங்கள் ஈகிள்ஸின் முன்வரிசை ஆள் மில்டன் வில்லியம்ஸை உங்கள் அமெரிக்க ஃபுட்பால் டீமான பேட்ரியட்ஸ் 4 வருடத்துக்கு 104 மில்லியன் டாலர் பேசித் தூக்கிய அன்று, "சூப்பர் பௌல் ஃபைனலில் 2 சாக் எடுத்தவன் மாமா, இனி எங்கள் டிஃபென்ஸ் தேறிவிடும்" என்று போன் செய்தாய். சாக் என்றால், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை வீசுவதற்கு முன்பே வீழ்த்துவதுதானே. அதே முன்வரிசையில் ஆடிய ஜேலன் கார்ட்டர் பேச்சை எடுத்ததும், "அந்த மேட்ச்சில் அவனுக்கு ஒரு சாக்கூட இல்லையே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டிவிடுவாய்.

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். எங்கள் ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. ஸ்கோரைப் பார்த்தால் ஏதோ போட்டி நடந்த மாதிரி தெரியும். இடைவேளையில் 24-0, அதுவரை சீஃப்ஸ் நகர்ந்தது மொத்தமே 23 யார்டு. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பந்தை வீசப் பின்வாங்கியது 42 தடவை. அதில் ஒரு தடவைகூட எங்கள் டிஃபென்ஸ் கோச் விக் ஃபாஞ்சியோ பிளிட்ஸ், அதாவது பின்னாலிருந்து கூடுதல் ஆட்களை, அனுப்பவில்லை. முன்வரிசை ஆட்களை வைத்தே 6 சாக். மஹோம்ஸ் அதற்குமுன் எந்த மேட்ச்சிலும் அத்தனை வாங்கியதில்லை.

ஒரு பாஸ் ரஷ்ஷை, அதாவது குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வதை, எடைபோட நான் முதலில் எண்ணுவது இதைத்தான்: எத்தனை பேர் போனார்கள்? ஆறு பேரை அனுப்பி எடுத்த சாக், கடன் வாங்கிப் போட்ட விருந்து மாதிரி. பின்னால் பந்தைப் பிடிக்கும் ஏதோ ஒரு ரிசீவர் காவலில்லாமல் நின்றுகொண்டிருப்பான். நாலு பேரே போதுமென்றால் மீதி ஏழு பேரும் பின்னால் நின்று பந்தைப் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் கூப்பர் டிஜீன் மஹோம்ஸ் வீசிய பந்தைப் பிடித்து 38 யார்டு ஓடியது நினைவிருக்கிறதா? (அன்று அவனுக்குப் பிறந்தநாள் வேறு.) அதற்கு முந்தைய இரண்டு முயற்சியிலும் அடுத்தடுத்து சாக். மூன்றாவது டௌனில் (நாலு முயற்சியில் மூன்றாவது) 16 யார்டு வேண்டும் என்ற நிலைமையில் வீசிய பந்து அது. அதில் பாதிப் புண்ணியம் முன்வரிசைக்குச் சேரும்.

அப்புறம் நம்ம கார்ட்டர். அவனைத் தடுக்க இரண்டு பேர் வந்தால், பக்கத்தில் ஒருவனுக்கு ஒற்றை ஆள்தான் எதிரே நிற்பான். வில்லியம்ஸுக்கும் ஜாஷ் ஸ்வெட்டுக்கும் அந்தச் சலுகை அடிக்கடி கிடைத்தது. கபடியில் ஒருவன் காலைப் பிடித்து இழுக்க, மேலே விழுந்தவன் பெயரில் பாயின்ட் போவதில்லையா, அதே கதை. போதாக்குறைக்கு சீஃப்ஸின் இடது பக்கமே ஒட்டுப்போட்டது. உள்பக்கம் தடுக்கும் நல்ல கார்டான ஜோ துனியை, வெளிப்பக்கம் தடுக்கும் டேக்கிளாக நகர்த்தியிருந்தார்கள். அவர் விட்டுப்போன இடத்தில் ஆளும் புதுசு.

விளிம்பிலிருந்து சுற்றி வருபவனை விட நடுவில் நெட்டித் தள்ளுபவனுக்கே நான் அதிக மார்க் போடுவேன். வெளியிலிருந்து வருபவனைப் பார்த்தால் குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னே வந்து தப்பித்துவிடுவான். நடு இடிந்து விழுந்தால் எங்கே போவான்? 2008 சூப்பர் பௌலில் ஜயன்ட்ஸ் உங்கள் பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்குச் செய்தது இதுதான். வெளியே நிற்க வேண்டிய ஜஸ்டின் டக்கை உள்ளே நிறுத்தினார்கள். 5 சாக், 17-14. அதுவரை 18 மேட்ச்சும் ஜெயித்து வந்த டீம்! பழசைக் கிளறுவதாக நினைக்காதே. சரி, கொஞ்சம் கிளறத்தான் செய்கிறேன்.

வில்லியம்ஸ் மோசமான ஆட்டக்காரன் என்று நான் சொல்லவே இல்லை. புது ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்டில் மூன்றாவது ரவுண்டில் வந்து, கால் வேகத்தால் மேலே ஏறியவன். அவன் போனதில் எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஸ்வெட்டும் அரிசோனாவுக்குப் போய்விட்டான், எங்கள் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. ஆனால் உங்கள் ஊரில் இரண்டு பேர் வந்து அழுத்தப்போவது அவனைத்தான். அப்போது அவன் நின்ற இடத்தில் நிற்கிறானா, பக்கத்தில் இருப்பவன் அந்த இடைவெளியில் புகுகிறானா என்று பார்.

அடுத்த மேட்ச்சை ரெக்கார்ட் செய்து வை. பந்தை விட்டுவிட்டு, எதிர்டீம் கார்டின் கால்களை மட்டும் ஒரு குவார்ட்டர் முழுக்கப் பார்த்துவிட்டுப் போன் பண்ணு. ராத்திரி பத்து மணிக்கு முன்னால் பண்ணு, அத்தை தூங்க வேண்டும்.

அன்புடன்,
மாமா