ஸ்டுடியோவுக்கு ஒரே டியூப் ஆம்ப் போதும் என்று நீங்கள் விற்ற ஆம்ப் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: 50 வாட் இரண்டு சேனல் டியூப் (வால்வு) கிட்டார் ஆம்ப். நிற்காத ஹம் (விடாமல் கேட்கும் 'ம்ம்' என்ற இரைச்சல்), லைன் அவுட் (மைக் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்வதற்கான இணைப்பு) பற்றிய தவறான விளம்பரம், ஆம்பையே கெடுக்கக்கூடிய வழிகாட்டித் தாள்

வணக்கம்.

இதே ஆம்பைப் பற்றி உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கனவே பலமுறை எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் "டியூப் ஆம்ப் என்றால் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்" என்ற பதில்தான் வருகிறது. அதனால் இந்த முறை எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில், சர்க்யூட் தெரிந்த ஒருவர் படித்தால் உடனே புரியும்படி எழுதுகிறேன். தயவுசெய்து அப்படிப்பட்ட ஒருவரிடமே இதைக் கொடுங்கள்.

நான் நடத்துவது சின்ன ஸ்டுடியோ. பெரிய ஸ்டுடியோக்களில் கிளீன் (சிதைவில்லாத) ஒலிக்கு 6வி6 வால்வு போட்ட 22 வாட் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், பளிச்சென்று ஒலிக்கிற ரிதத்துக்கு நான்கு ஈஎல்84 போட்ட வாக்ஸ் ஏசி30, கனமான ராக்குக்கு ஈஎல்34 போட்ட மார்ஷல் என்று வரிசையாக நிற்கும். என்னிடம் அதற்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், அது எல்லாவற்றுக்கும் ஓரளவாவது ஈடுகொடுக்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் வாட்டைப் பார்த்து வாங்குவதில்லை, ஏனென்றால் மூடிய அறைக்குள் 15 வாட்டே தேவைக்கு மேல் சத்தம் போடும். கிளீன் சேனல் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, பவர் வால்வுகளை (ஸ்பீக்கரை இயக்கும் கடைசி வால்வுகள்) காது வலிக்காத சத்தத்தில் உழைக்க வைக்க முடியுமா, மைக் வைக்க முடியாத நேரத்தில் நேரடியாகப் பதிவு செய்ய உருப்படியான அவுட் இருக்கிறதா என்று இந்த மூன்றையும்தான் முதலில் பார்ப்போம். உங்கள் தயாரிப்புப் பக்கம் மூன்றுக்கும் 'ஆம்' என்றது. ஸ்டுடியோவுக்கு ஏற்ற அமைதி, 5 வாட் மோடிலும் மாறாத ஒலி, பவர் வால்வுகளின் குணத்தை அப்படியே தரும் லைன் அவுட். இதை நம்பித்தான் மற்ற ஆம்ப்களை விட்டுவிட்டு உங்களுடையதை வாங்கினேன்.

முதலில் ஹம். கிட்டாரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் ஸ்பீக்கரில் ஹம் அப்படியே கேட்கிறது. எஃபெக்ட்ஸ் லூப்பின் (பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் மற்ற கருவிகளை இணைக்கும் இடம்) ரிட்டர்னில் ஒரு வெறும் ஜாக்கைச் செருகி, சிக்னலை முதலில் பெருக்கும் பகுதியான பிரீஆம்பை முழுக்கத் துண்டித்தும் பார்த்தேன், துளிகூடக் குறையவில்லை. அப்படியென்றால் கோளாறு பிரீஆம்பில் இல்லை, அதற்குப் பிறகுதான் எங்கோ இருக்கிறது. பதிவு செய்து அலைவரிசை மீட்டரில் பார்த்தால் உச்சம் 100 ஹெர்ட்ஸில் நிற்கிறது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருக்கும் இடத்தில் வால்வைச் சூடாக்கும் ஹீட்டரிலிருந்து வரும் ஹம் பெரும்பாலும் 50இல்தான் தெரியும். 100 என்றால் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் ஃபில்டர் கெப்பாசிட்டர் சரியாக வடிகட்டாத மிச்சம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புஷ்-புல் ஆம்பில் (பவர் வால்வுகள் ஜோடியாக மாறி மாறி உழைக்கும் வகை) இரண்டு பவர் வால்வும் ஒரே அளவாக உழைத்தால் இந்த மிச்சம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். உங்கள் சர்வீஸ் மையமே வால்வுகளை மாற்றி, மேட்ச் செய்த ஜோடி போட்டு, பயாஸும் (வால்வு சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டத்துக்கான அமைப்பு) சரிபார்த்துக் கொடுத்தது. ஹம் மட்டும் போகவில்லை.

அந்த மையம் கொடுத்த அறிக்கையில் "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று ஒரு வரி இருக்கிறது. எந்த அளவு? கையேட்டிலும் எண் இல்லை, உங்கள் பக்கத்திலும் இல்லை, கேட்டாலும் சொல்வதில்லை. எண்ணே இல்லாத ஒரு அளவுக்குள் இருக்கிறது என்று எப்படி முடிவு செய்தார்கள்?

மேடையில் இந்த ஹம் பெரிய விஷயமில்லை, டிரம்ஸ் ஆரம்பித்ததும் யாருக்கும் கேட்காது. பதிவில் நிலைமை வேறு. பாட்டு தொடங்கும்போது கிளீன் கிட்டார் மட்டும் தனியாக வருகிறது, ஒவ்வொரு சரமும் மெல்ல அடங்குகிறது, கம்ப்ரஸர் அந்த அடங்கலைத் தூக்கிவிடுகிறது, கூடவே ஹம்மையும் தூக்குகிறது. அதே பகுதியை இரண்டு பக்கத்துக்கும் இரட்டித்தால் ஹம்மும் சேர்ந்து இரட்டிக்கும். கேட் (மெல்லிய ஒலியை அடைத்துவிடும் கருவி) போட்டு வெட்டினால் கடைசி சுரத்தின் வாலும் சேர்ந்து அறுபடுகிறது. நாட்ச் ஃபில்டர் (ஒரு அலைவரிசையை மட்டும் வெட்டுவது) போட்டால் 100, 200, 300 என்று அதன் மடங்குகள் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும், வெட்டி முடித்தால் கிட்டாரின் உடம்பே போய்விடுகிறது. வாங்கிய ஆம்ப் அறையில் இருக்கும்போதே கிளீன் பகுதிகளுக்கு வாடகை ஆம்ப் எடுத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.

அடுத்தது லைன் அவுட். இங்கேதான் நீங்கள் உண்மை சொல்லவில்லை என்பது என் குற்றச்சாட்டு. மேலே சொன்ன ஹம் ஸ்பீக்கரில் இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே, லைன் அவுட்டில் அது இல்லவே இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனால் யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரே விளக்கம்தான் இருக்க முடியும். பவர் ஆம்பில் பிறக்கும் ஹம் லைன் அவுட்டில் வரவில்லை என்றால், பவர் ஆம்பின் எதுவுமே அதில் வரவில்லை. சோதித்தேன். பவர் ஆம்பில் உயர் ஒலியைக் கூட்டும் பிரசன்ஸ் குமிழை முழுக்கத் திருப்பினாலும், மாஸ்டர் வால்யூமை ஏற்றி இறக்கினாலும், 50இலிருந்து 5 வாட்டுக்கு மாற்றினாலும் லைன் அவுட்டின் ஒலி கொஞ்சமும் அசையவில்லை. ஆகவே அதை எஃபெக்ட்ஸ் லூப்புக்கு அருகில், பவர் வால்வுகளுக்கு முன்னாலேயே எடுத்திருக்கிறீர்கள். பிரீஆம்ப் அவுட் என்று நேர்மையாகப் போட்டிருந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதற்கும் பயன் உண்டு. ஆனால் "பவர் வால்வுகளின் குணம் அப்படியே" என்று எழுதி விற்றிருக்கிறீர்கள். பிரீஆம்பின் 12ஏஎக்ஸ்7 வால்வு மட்டும் கடந்து வந்த சிக்னலும், பவர் வால்வான ஈஎல்34 அழுத்தம் தாங்காமல் நசுங்கி, டிரான்ஸ்ஃபார்மர் கடந்து, ஸ்பீக்கரோடு மல்லுக்கட்டி வருகிற ஒலியும் ஒன்றல்ல. டியூப் ஆம்புக்கு ஒருவர் இவ்வளவு செலவு செய்வதே அந்த இரண்டாவது ஒலிக்காகத்தான்.

இதைவிட மோசமானது பெட்டியோடு வந்த வழிகாட்டித் தாள். அதில் "சத்தமின்றிப் பதிவு செய்ய ஸ்பீக்கர் கேபிளைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டைப் பயன்படுத்தவும்" என்று இருக்கிறது. கையேட்டிலோ, ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஒருபோதும் இயக்கக் கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்? லோட் (ஸ்பீக்கர் போன்ற சுமை) இல்லாமல் டியூப் ஆம்பை வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, சுருளோ வால்வு சாக்கெட்டோ எரிந்துபோகலாம். உள்ளே டம்மி லோட் (ஸ்பீக்கருக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் பாகம்) வைத்திருந்தால் மட்டும்தான் அந்தத் தாள் சொல்வது பாதுகாப்பானது. அது இருக்கிறதா என்று கேட்டதற்கு உங்கள் ஆட்களில் ஒருவர் இருக்கிறது என்றார், இன்னொருவர் இல்லை என்றார். அதனால் நான் ஸ்பீக்கரைக் கழற்றவே இல்லை. ஆனால் முதல் முறை டியூப் ஆம்ப் வாங்குகிறவர் அந்தத் தாளை நம்பிக் கழற்றுவார், ஆம்ப் எரியும், பிறகு தவறான பயன்பாடு என்று சொல்லி வாரண்டியை மறுப்பீர்கள். இது என் ஒருவனுடைய புகாராக மட்டும் இருக்கக் கூடாது, இதை உடனே திருத்தியே ஆக வேண்டும்.

5 வாட் மோடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்குவது 10 டெசிபல், காதுக்கு ஏறக்குறைய பாதிச் சத்தம், அவ்வளவுதான். 100 டெசிபல் சென்சிட்டிவிட்டி (1 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் தரும் சத்தம்) உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் 5 வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 107 டெசிபல் கொடுக்கும். இதை "நள்ளிரவிலும் வாசிக்கலாம்" என்று விளம்பரம் செய்வது வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்துகிறது. மாறாத ஒலி என்றீர்களே, அந்த மோடில் அடி ஒலி மெலிந்துவிடுகிறது, இணைத்துள்ள ஒலிக்கோப்பில் நீங்களே கேட்கலாம். இரண்டு சேனலுக்கும் ஒரே டோன் குமிழ்கள்தான் என்பதும் எனக்குக் குறைதான், ஆனால் படத்திலேயே தெரிந்த விஷயம், அதனால் அதைப் புகாராகச் சேர்க்கவில்லை.

வால்வு மாற்றும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. ஈஎல்34க்குப் பதில் 6எல்6 போட்டு நீங்களே ஒலியை மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபிக்ஸட் பயாஸ் ஆம்பில் (பயாஸ் தானாகச் சரியாகாத வகை) வால்வு வகையை மாற்றினால் பயாஸைத் திரும்ப அமைத்தே ஆக வேண்டும். அதற்கான திருகு உங்கள் ஆம்பில் சேசிஸுக்கு (உலோகச் சட்டகம்) உள்ளே இருக்கிறது. அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். வெளியிலிருந்தே அளந்து திருப்ப வழி செய்துவிட்டு அப்படி எழுதுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஆம்ப் முழுக்க மோசம் என்று சொல்லவில்லை. டிரைவ் சேனலின் கிரஞ்ச் (லேசாகச் சிதைந்த ஒலி) உண்மையிலேயே அருமை. ஒரு எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நடு மூடிக்கும் கோனுக்கும் இடையிலான விளிம்பில் வைத்தால், ஈக்யூவைத் தொடாமலே மிக்ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது. இப்படி ஒலிக்கத் தெரிந்த ஆம்பை வடிவமைத்தவர்களுக்கு, வடிகட்டாத பவர் சப்ளையைச் சரிசெய்வது கஷ்டமான வேலையாக இருக்காது. அதனால்தான் விட்டுவிடாமல் திரும்பவும் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவைதான். ஹம்முக்கான காரணத்தைக் கண்டுபிடித்து, பவர் சப்ளையைச் சரிசெய்து, சரிசெய்த பிறகு எடுத்த இரைச்சல் அளவை எண்ணாக எழுதிக் கொடுங்கள். அல்லது இந்தக் குறை இல்லாத ஆம்பை மாற்றித் தாருங்கள். இரண்டும் முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், எந்த விதிமுறையையும் காட்டிப் பணத்தைக் கழித்துக்கொள்ளாமல், அனுப்பும் செலவும் உங்களுடையதாக. லைன் அவுட் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, உள்ளே லோட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்டுத் தெரிவிக்க வேண்டும். வழிகாட்டித் தாளை ஏற்கனவே வாங்கியவர்களுக்கும் திருத்தி அனுப்ப வேண்டும்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லை என்றால் நுகர்வோர் புகார் அமைப்பிடம் இதே ஆவணங்களோடு போவேன்.

இப்படிக்கு,
ஆம்பின் உரிமையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஹம் ஒலிக்கோப்புகள், அலைவரிசை மீட்டரின் படம், தயாரிப்புப் பக்கத்தின் படம், வழிகாட்டித் தாள் மற்றும் கையேட்டுப் பக்கத்தின் நகல்கள், சர்வீஸ் மைய அறிக்கை