கண்ணப்பர் கால் ஊன்றிய இடம்

அன்புள்ள ரகு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் குறைந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புராணத்தை ஒன்று அப்படியே நம்ப வேண்டும், இல்லை கட்டுக்கதை என்று தள்ள வேண்டும், நடுவில் நிற்பது நழுவல் என்கிறாய். மைத்துனரோடு புஷ்பக விமானத்தை வைத்துப் போட்ட சண்டையின் சூடு இன்னும் ஆறவில்லை போல!

விமானத்தையே எடுத்துக்கொள். பழங்கால நூல் என்று சொல்லப்பட்ட ‘வைமானிக சாஸ்திர’த்தை 1974-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்து ஆட்கள் ஐந்து பேர் ஆராய்ந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் சொன்ன எதுவும் பறக்காது என்று முடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை. வால்மீகிக்கு எஞ்சினியர் சான்றிதழ் வாங்கித்தர அலைகிறார்களே, அதுதான் உறுத்துகிறது. கதையை நம்புகிறவர் செய்கிற வேலையா அது?

அந்தக் காலத்தில் எல்லாரும் வரிக்கு வரி நம்பினார்கள் என்பதும் சரியில்லை. பைபிளின் படைப்புக் கதையில், சூரியனைப் படைக்கும் முன்பே மூன்று நாள் எப்படிக் காலையும் மாலையும் வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே கேட்டவர் ஆரிஜன். பக்தியில் ஊறிய கிறிஸ்தவர் அவர்.

கண்ணப்பர் கதைக்கு வா. சாமியின் கண்ணில் எப்படி ரத்தம் வரும் என்று நீ அங்கேயே நின்றுவிடுவாய். வேடர் முதலில் என்ன செய்கிறார் தெரியுமா? பச்சிலை பறித்து வந்து பிழிகிறார். நிற்கவில்லை. ஊனுக்கு ஊன்தான் மருந்து என்று நினைவு வர, தன் கண்ணை இடந்து அப்புகிறார். ரத்தம் நின்றதும் குதித்துக் கூத்தாடுகிறார். உடனே சாமியின் மறு கண்ணில் ரத்தம். இப்போது கவலையில்லை, மருந்துதான் தெரியுமே. ஆனால் இன்னொரு கண்ணும் போனால் இடம் எப்படித் தெரியும்? அடையாளத்துக்கு இடக்காலைச் சாமியின் கண்மேல் ஊன்றிக்கொள்கிறார். அத்தனை பித்திலும் ஒரு வேடனின் கைக்கணக்கு! சாமிமேல் கால் படலாமா என்ற யோசனைகூட எழவில்லை. சேக்கிழார் நம்மைக் கூட்டிப்போய் நிறுத்துவது அந்தக் கால் பக்கத்தில். நடந்ததா என்ற கேள்வி அங்கே எனக்கு எழுவதேயில்லை.

அதற்காக எல்லாமே உருவகம் என்று கரைத்துவிடவும் மாட்டேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகளிடம் இடிப்பறவையும் திமிங்கிலமும் மோதிய கதை உண்டு. தரை குலுங்கும், கடல் ஏறி வரும். 1700 ஜனவரி 26 அன்று அங்கே மாபெரும் நிலநடுக்கம் நடந்ததை, மூழ்கிச் செத்த காடுகளையும் ஜப்பானியச் சுனாமிக் குறிப்புகளையும் வைத்துப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். அந்தக் கதைகளில் சிலவற்றை ஆய்வாளர்கள் இதோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். பறவையை விடு, கடல் வந்தது நிஜம்.

ஆக, கதைக்குக் கதை வேறு கேள்வி கேட்கிறேன். இதை நழுவல் என்றால் இருக்கட்டும். பேரனுக்குத் தினமும் கதை சொல்கிறாயாமே, “நிஜமா தாத்தா?” என்று அவன் கேட்டால் என்ன சொல்கிறாய்? மறக்காமல் எழுது. மைத்துனரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சேகரன்