எங்கள் இசை ஆசிரியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் நாம் செய்ததில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான்: ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார்ந்தது. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

பள்ளிக்கூட ஆசிரியருக்குப் பக்கத்து வகுப்பு உண்டு, பயிற்சி நாள் உண்டு. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கும் நமக்கு இரண்டும் இல்லை. இருபது வருடம் ஒரே தப்பைச் செய்தாலும் எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. அதனால்தான் உச்சிப்புளியிலிருந்து தங்கச்சிமடத்துக்கும், கீழக்கரையிலிருந்து ராமநாதபுரத்துக்கும் பஸ் ஏறிப் போய்வந்தோம். முதலில் எல்லோருக்கும் கூச்சம், எனக்குக் கூடுதலாகவே இருந்தது.

என் வகுப்பைப் பார்த்த மிருதங்க வாத்தியார் பிள்ளைகள் போனபிறகு, "டீச்சர், நீங்க பாடுறத நிறுத்தவே இல்லையே" என்றார். உண்மைதான். ஆரம்ப ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசை முழுக்க நான் கூடவே பாடிக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், சுருதியைப் பிடிக்கவில்லை. மறுவாரம் நான் வாயை மூடியதும் வேகமான மூன்றாம் காலத்தில் எல்லாம் சரிந்தது. இப்போது ஒரு வரி நான், ஒரு வரி பிள்ளை, நடுவில் தம்புரா மட்டும். சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளையில் ச ரி க ம எப்படி நடக்கிறதோ அதே நடைதான் ப த நி ச. முதல் பாதியை நன்றாகப் பழக்கிவிட்டு, மேல் பாதியை நீயே கண்டுபிடி என்று விட்டால் பெரும்பாலான பிள்ளைகள் பிடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

அடுத்தது பையன்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடையும், ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடியவனுக்குத் திடீரென்று எதுவும் எட்டாது, உடனே வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். நாமும் பேசாமல் விட்டுவிடுகிறோம், இது எனக்குப் பெரிய வருத்தம். இனி அப்படி அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். குரல் எங்கே உட்காருகிறதோ அந்தச் சுருதிக்கு இறங்கிவிடுவது, மேல் ஸ்தாயியை, அதாவது உச்ச ஸ்வரங்களை, கொஞ்சகாலம் தொடாமல் இருப்பது, அந்த மாதங்களில் சப்த தாள அலங்காரம் (ஏழு தாளங்களில் வரும் ஸ்வரப் பயிற்சி) கைபோட்டு, சொற்கட்டு (தகதிமி போன்ற தாளச் சொற்கள்), ஸ்வரம் எழுதிப் பழகுவது. சி.எஸ்.முருகபூபதி தன் பெயரோடு ராமநாதபுரத்தைச் சேர்த்துக்கொண்டு மிருதங்கம் வாசித்தவர். அந்த ஊரில் ஒரு பையன் லயம் தெரியாமல் வகுப்பை விட்டுப் போகக் கூடாது.

ஆன்லைன் வகுப்பு பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஜூம் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும், 'ஒரிஜினல் சவுண்ட்' போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் தாமதமாகப் போவதால் சேர்ந்து பாடுவது நடக்காது. தம்புரா பிள்ளையின் பக்கத்திலும் ஓட வேண்டும்.

வாத்தியப் பராமரிப்புக்கு ஒரு மதியம் ஒதுக்கினோம். உப்புக்காற்றில் வயலின் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்ததும் துடைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சம்பள விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாத வீட்டில் பாட்டுச் சம்பளம் கேட்க யாருக்கும் மனசு வருவதில்லை. கேட்காமல் விட்டால் நம் வீட்டு வாடகை நிற்கிறது. வருடச் சம்பளத்தை மற்ற பத்து மாதங்களில் பிரித்து வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு மாதமும் வகுப்பை நிறுத்தாமல் நடத்தலாம் என்று மண்டபம் உறுப்பினர் சொன்னார். சிலர் ஆரம்பித்துவிட்டார்கள், தடைக்காலத்தில் பிள்ளைகள் நின்றுபோவது அவர்களிடம் குறைந்திருக்கிறது. மற்றவர்களும் ஜூன் மாதத்திலிருந்து முயன்று பாருங்கள்.

அடுத்த சுற்று வகுப்புப் பார்வைக்குப் பெயர் கொடுக்க நோட்டு வாசலில் இருக்கிறது. இதுவரை யாரையும் தன் வகுப்புக்குள் விடாதவர்கள் முதலில் எழுதுங்கள்.



செயலாளர்