புதையல் தீவில் எத்தனை கேப்டன்கள்!

பாலு,

உன் மெசேஜுக்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள், பரவாயில்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, கீதாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. வீட்டுச் சேதி அவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ராத்திரியில் பெரியவளுக்குப் 'புதையல் தீவு' படித்துக்காட்டுகிறேன். சின்னப் பசங்க கதை என்று நீ ஒதுக்கினாயே, அதே ஸ்டீவன்சன் புத்தகம். இந்தத் தடவை அதில் யார் யாரையெல்லாம் 'கேப்டன்' என்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. முதல் அத்தியாயத்திலேயே விடுதிக்கு வரும் பில்லி போன்ஸ், தன்னைக் கேப்டன் என்று கூப்பிடலாம் என்று சொல்லி மூன்று நாலு தங்கக் காசை வாசற்படியில் வீசுகிறான். (நம் செல்வம் 'தலைவர்' ஆன கதை ஞாபகம் வருகிறதா? அந்த டீ யார் காசு?) உண்மையில் போன்ஸ், ஃபிளின்ட் என்ற கடற்கொள்ளைக்காரனின் கப்பலில் இரண்டாம் இடத்து ஆள்தான். ஆனாலும் கதை சொல்லும் விடுதிக்காரப் பையன் ஜிம் அவனைக் கேப்டன் என்றே எழுதுகிறான், அந்தக் குடிகாரன் செத்ததும் அழுகிறான். அப்புறம் புதையல் தேடிப் போகும் கப்பலின் நிஜக் கேப்டன் ஸ்மாலெட் வருகிறார். ஆட்களைப் பிடிக்கவில்லை, புதையல் ரகசியம் கப்பல் முழுக்கத் தெரிந்திருக்கிறது, வெடிமருந்தை இடம் மாற்றுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். சொன்னது அத்தனையும் சரி. ஜிம்முக்கோ அவரைக் கண்டாலே ஆகவில்லை!

அதே கப்பலில் சமையல்காரனாக வந்து கலகம் செய்யும் சில்வரின் கதை இன்னும் மோசம். வெள்ளைக்கொடியோடு பேரம் பேச வருகிறான், கூட வந்தவன் 'கேப்டன் சில்வர்' என்று அறிவிக்கிறான். யாரப்பா அது, தெரியாதே என்கிறார் ஸ்மாலெட். கப்பல் சமையல்காரன் என்றால் உன்னை நன்றாகத்தான் நடத்தினோம், கேப்டன் சில்வர் என்றால் நீ வெறும் கொள்ளைக்காரன், தூக்கில் தொங்கு என்று ஒரே போடு. பிறகு அவன் ஆட்களே பைபிள் தாளை வெட்டிக் கரி பூசி, 'பதவி நீக்கம்' என்று எழுத்துப்பிழையோடு எழுதிக் கொடுக்கிறார்கள். சில்வர் புதையல் வரைபடத்தை எடுத்துப் போட்டதும் அதே வாய்கள் அவனையே மறுபடி கேப்டன் ஆக்குகின்றன. நடுவில் கப்பலைப் பிடித்த ஜிம்மும், இனி நான்தான் கேப்டன் என்று கலகக்காரன் இஸ்ரேல் ஹேண்ட்ஸிடம் சொல்லிப் பார்க்கிறான். பதவி பறிபோகாத ஒரே ஆள் சில்வரின் கிளி, கேப்டன் ஃபிளின்ட். எழுதியவரையும் விடாதே, 1881-82இல் 'யங் ஃபோக்ஸ்' இதழில் தொடராக வந்தபோது அவர் போட்டுக்கொண்ட புனைபெயர் கேப்டன் ஜார்ஜ் நார்த்!

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு வாசிப்பு நின்றுவிட்டது. சில்வரிடம் கடைசியாகச் சவால் விடும்போது ஸ்மாலெட், என் பெயர் அலெக்சாண்டர் ஸ்மாலெட் என்றுதான் சொல்கிறார். கேப்டன் என்று சேர்த்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் நானும் ஜிம் மாதிரியே இந்த மனிதரைக் கண்டுகொள்ளவே இல்லை, எனக்கும் சில்வரைத்தான் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது, அதுதான் எரிச்சல்.

பெரியவள் கிளிக் கட்சி. நீ எந்தக் கட்சி என்று படித்துவிட்டுச் சொல், படிக்காமல் சொல்லாதே. பொங்கலுக்கு வருவதாக இருந்தால் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு.

ரவி