குளிர் ஒத்துக்கொள்ளவில்லை

வெள்ளவத்தை,
ஜனவரி 18

அன்பு மகளுக்கு,

பொங்கல் முடிந்து நாலு நாளாகிறது. வாசலில் பொங்க இந்த பிளாட்டில் இடமேது, வழக்கம்போல மொட்டைமாடியில் மேல்வீட்டுக்காரரோடு சேர்ந்து பொங்கினோம். பானை கிழக்குப் பக்கம்தான் வழிந்தது. அம்மா காலை முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். படம் எடுக்க என்று சொன்னாள். ஒரு படமும் எடுக்கவில்லை. தம்பி மெல்பேர்னிலிருந்து விடியவே எடுத்துவிட்டான், அங்கே வெயில் கொளுத்துகிறதாம். அவனுக்கும் வேலை இருக்கிறதுதானே. சரி, அது கிடக்கட்டும்.

பேரன் மூன்று கிழமைக்கு முதல் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில் அனுப்பலாம், ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் படமெடுத்து அனுப்பித் தரவேண்டும், அது வாசித்துவிடும். ஆகவே தபாலில் போடுகிறேன். அவனுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, நீதான் வாசித்துச் சொல்லவேண்டும். படிப்பித்திருக்கலாம். எத்தனை தரம் சொன்னேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

அவன் கேட்டது இது: கனடாவில் எங்கள் வின்னிப்பெக் வட அகலக்கோடு 50 பாகைக்குச் சற்றுக் கீழே. லண்டன் 51.5. அப்படியென்றால் லண்டன்தானே வடக்கே? அங்கே ஜனவரிச் சராசரி சைபருக்கு மேலே 5 பாகை, எங்களுக்கு மட்டும் ஏன் சைபருக்குக் கீழே 16? முப்பத்துநாலு வருடம் புவியியல் படிப்பித்தேன் பிள்ளை. இது சோதனைக்கு வருமா சேர் என்று கேட்டவர்கள் ஆயிரம். ஏன் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அம்மாவிடம் சொன்னேன், பொடியனுக்கு என் மூளை என்று. மூக்கும் உங்கடதுதான், பாவம் என்றாள்.

சூரியன் தூரப் போவதால் குளிர் என்று அவன் நினைக்கிறான். அப்படியில்லை என்று சொல்லு. ஜனவரி முதல் கிழமையில்தான் பூமி சூரியனுக்கு ஆகக் கிட்ட நிற்கிறது, ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீற்றர். ஜூலையில்தான் 15.2 கோடிக்குப் போகிறது. கிட்ட நிற்கிற மாதத்தில்தான் நீங்கள் விறைக்கிறீர்கள். காரணம் அந்த 23.5 பாகைச் சாய்வு. வட அரைக்கோளம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. வெயில் சரிந்து விழுகிறது, ஒரு முழத்தில் விழவேண்டிய சூடு மூன்று நாலு முழத்துக்குப் பரந்து போகிறது. பகலும் குறைவு. டிசம்பர் கடைசியில் உங்களுக்கு எட்டு மணித்தியாலம், எங்களுக்கு மார்கழியிலும் பன்னிரண்டுக்குக் கிட்ட.

ஆனால் இந்தச் சாய்வு லண்டனுக்கும் உண்டு. அங்கேதான் கடல் வருகிறது. தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். நிலம் அவசரக்குடுக்கை, வெயில் பட்டால் கொதிக்கும், வெயில் போனால் விறைக்கும். கோடை முழுக்க அத்திலாந்திக் சேர்த்துவைத்த சூட்டை மேலைக்காற்று ஐரோப்பாக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது, தெற்கேயிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் கைகொடுக்கிறது. வின்னிப்பெக் எங்கே இருக்கிறது? கண்டத்தின் நட்டநடுவில். மேற்கே பசுபிக் இருந்தும் பயனில்லை, றொக்கி மலை குறுக்கே நிற்கிறது. வடக்கே துருவத்திலிருந்து உன் வீட்டு வாசல் வரைக்கும் மறிக்க ஒரு மலை கிடையாது. இந்தியாவுக்கு இமயமலை மதில்போல நின்று சைபீரியக் குளிரை மறிக்கிறது. உனக்கு மதில் இல்லை. ஜூலையில் 20, ஜனவரியில் சைபருக்குக் கீழே 16, ஆகமொத்தம் 36 பாகை ஏற்ற இறக்கம். கொழும்பில் ஆகச் சூடான மாதத்துக்கும் ஆகக் குளிர்ந்த மாதத்துக்கும் இரண்டு பாகைதான் வித்தியாசம். இந்த ஊரில் பிறந்த தோல் அந்த 36 ஐ எப்படித் தாங்கும்? காதை மூடு என்று சும்மாவா சொல்கிறேன்.

கடல் எல்லா இடத்திலும் நல்லது செய்யும் என்றும் அவன் எழுதிவிடக்கூடாது. பெரு நாட்டு லீமா தெற்கே 12 பாகையில், கடல் கரையிலேயே இருக்கிறது. மழையே இல்லாத குறை. பக்கத்தில் ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர் நீரோட்டம், காற்றைக் கீழேயே குளிர வைத்துவிடும். காற்று மேலே எழும்பாவிட்டால் மழை எங்கிருந்து வரும்? பனிமூட்டம் மட்டும் வரும்.

அவனுடைய உலகக் காலநிலைப் படத்தில் ஏ, பி, சி, டி, ஈ என்று நிறம் தீட்டியிருந்ததே, அது கெப்பன் என்ற மனிதரின் வேலை. ரஷ்யாவில் 1846 இல் பிறந்தவர். படிக்கிற காலத்தில் கிரிமியாவிலிருந்த வீட்டுக்கும் சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கும் போய்வரும் வழியில் மரஞ்செடிகள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போவாராம். வெப்பமானியை நம்புவதைவிட மரத்தை நம்பினார். ஆகக் குளிர்ந்த மாதமும் 18 பாகைக்கு மேலே என்றால் ஏ, கொழும்பு அதில். ஆகச் சூடான மாதமே 10 ஐத் தாண்டாவிட்டால் ஈ, அங்கே மரம் நிற்காது. பி என்பது வறட்சி. மிதமான குளிர் என்றால் சி, நுவரெலியா எங்கள் தலைக்கு மேலே இருந்தும் அதில். கோடையில் மரம் வளரும், மாரியில் எல்லாம் உறையும் உங்கள் ஊர் டி. நீ சி யில் பிறந்து, ஏ யில் வளர்ந்து, டி யில் குடியிருக்கிறாய். பேரனிடம் சொல்லு, சிரிப்பான்.

கெப்பனின் மருமகன் யார் தெரியுமோ? வெகெனர். கண்டங்கள் நகருகின்றன என்று சொன்ன அதே வெகெனர். மாமனாருக்கு முதலில் அது பிடிக்கவில்லை, வானிலை வேலையைப் பார்க்காமல் இதென்ன கனவு என்ற மாதிரித்தான். பிறகு 1924 இல் இரண்டு பேரும் சேர்ந்தே பழங்காலக் காலநிலை பற்றிப் புத்தகம் எழுதினார்கள். 1930 இல் வெகெனர் கிறீன்லாந்தில், பனிக்கு நடுவிலிருந்த நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோய்த் திரும்பும் வழியில் செத்துப்போனார். மாமனார் இன்னும் பத்து வருடம் இருந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மருமகனோடு நான் அந்தக் கலியாண வீட்டில் கதைத்த கதை நல்ல கதையில்லை என்று இப்போது படுகிறது. அவர் மறந்திருப்பார்.

அவர் சுகமா?

கேட்டால் நீ குளிர் என்கிறாய். கோயிலுக்கு ஏன் போகவில்லை, குளிர். குரல் ஏன் அடைத்திருக்கிறது, குளிர். மருமகன் ஏன் போனுக்கு வரவில்லை, “குளிரப்பா, அவர் நேரத்தோட படுத்திட்டார்.” அன்றைக்குப் பேரன் வாசலடியில் நின்று கதைத்தான். பின்னால் அந்தக் கொக்கி வரிசை தெரிந்தது. போன வருடம் மூன்று ஜக்கெற் தொங்கின, உன் கறுப்பு, அவனுடைய சிவப்பு, மருமகனின் நீலம். இந்த முறை இரண்டு. உனக்குச் சனி இரவு எட்டரை. வெளியே சைபருக்குக் கீழே 24 என்று பேரன்தான் சொன்னான். நீலத்தைக் கழுவப் போட்டிருப்பாய் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்ப் பாலைக் காய்ச்சினாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை பிள்ளை. ஆனால் குளிர் என்ற சொல்லை இந்தக் குடும்பத்தில் முதன்முதல் பொய்க்குப் பாவித்தவன் நான். அதை உனக்குச் சொல்லாமல் உன்னிடம் உண்மை எதிர்பார்ப்பது சரியில்லை.

1982. நுவரெலியா குவாட்டர்ஸ், தகரக் கூரை. உனக்கு இரண்டு வயது. ஜூன் மாதம், தென்மேல் காற்று ஏறிவருகிற காலம், துவைத்த துணி நாலு நாளைக்குக் காயாது. சித்தப்பா ஜெர்மனிக்குப் போகக் காசு வேண்டுமென்று அம்மாவின் ஆறு காப்பையும் பதக்கச் சங்கிலியையும் அவளைக் கேளாமல் எடுத்து அடைவு வைத்தேன். சித்தப்பாவுக்கும் இது தெரியாது, நீயும் சொல்லாதே. அம்மா அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, என்ன நினைத்தாளோ, காப்பு எங்கே என்று உடனே கேட்கவில்லை. “எனக்கு இஞ்ச குளிருது” என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமோ? பாடம் எடுத்தேன். இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும், ஆகவே கொழும்பைவிடப் பன்னிரண்டு பாகை குறைவு, இதில் புதினமில்லை என்றேன். அதற்குப் பிறகுதான் காப்பைக் கேட்டாள். அன்றிலிருந்து நான் இருபத்துமூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. பிழை என்னுடையது, கதைக்காமல் விட்டதும் நான். அதே மேசையில் சாப்பிட்டேன், அதே அறையில் படுத்தேன்.

இருபத்துநாலாம் நாள் உன்னை இடுப்பிலும் பெட்டியைக் கையிலும் வைத்துக்கொண்டு வாழைச்சேனைக்குப் போய்விட்டாள். நானுஓயாவில் ரயில் ஏற்றிவிடக்கூட நான் போகவில்லை. அதிபர் கேட்டார். பிள்ளைக்கு நெஞ்சுச் சளி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, கீழே கொண்டுபோகச் சொல்லி டொக்டர் சொல்லிவிட்டார் என்றேன். எந்த டொக்டரும் சொல்லவில்லை. உனக்கு நெஞ்சுச் சளியே வந்ததில்லை. அந்தப் பொய் என் வாயிலிருந்து பெரியம்மா வாய்க்குப் போய், மாமி வாய்க்குப் போய், கடைசியில் உன்னிடமே வந்துவிட்டது. கனடா மெடிக்கலுக்குப் பத்திரம் நிரப்பும்போது சின்ன வயதில் நெஞ்சு வருத்தம் என்று நீ எழுதினாய். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

ஓகஸ்டில் வாழைச்சேனைக்குப் போனேன். கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. மேற்குச் சரிவில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலை இறங்கி, இறங்க இறங்கச் சூடேறி, மட்டக்களப்புக்கு வரும்போது நெருப்பாய் வரும் அதே காற்றுத்தான். எங்கள் குவாட்டர்சை நனைத்த காற்றே அங்கே உங்களைச் சுட்டது. உன் அம்மப்பா திண்ணையில் இருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை, ஏசவும் இல்லை. “கச்சான் நிக்கிற காலம் தம்பி, பிள்ளைக்குப் பிரயாணம் கூடாது. காத்துத் திரும்பட்டும்” என்றார். தண்ணீர் தந்தார். திரும்பி வந்தேன். ஒக்ரோபரில் இரண்டு காப்பை மீட்டுக்கொண்டு போனேன். காற்றுத் திரும்பிவிட்டது என்று அவரே அம்மாவைக் கூப்பிட்டார். மற்ற நாலும் சங்கிலியும் போனது போனதுதான். அம்மாவுக்கு ஏன் இரண்டு காப்பு மட்டும் என்று நீ சின்னனில் கேட்பாய். அதில் ஒன்று இப்போது உன் கையில்.

அம்மா இதை நாற்பது வருடத்துக்கு மேலாக ஒருவரிடமும் சொன்னதில்லை. நான் எழுதுகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே படுத்திருக்கிறாள், முழங்கால் நோ கொஞ்சம் குறைவு.

வாடை இங்கே இப்போது நல்லாய் நிற்கிறது. விடிய 23 பாகைக்கு இறங்குகிறது, மெரின் டிரைவில் நடக்க வருகிற சிலர் மஃப்ளர் கட்டிக்கொண்டு வருகிறார்கள், உனக்குச் சிரிப்பு வரும். மார்ச் கடைசியில் பேரனுக்கு ஒரு கிழமை லீவு என்று சொன்னாயே. இன்னும் இரண்டு கிழமை கூட்டிக் கேட்டுப் பார். ஏப்ரல் 7 போலக் கொழும்புக்கு நேர் உச்சியில் சூரியன் வரும், மத்தியானம் தடியை நட்டு வைத்தால் நிழல் இராது. புத்தகத்தில் படிப்பதைவிட அவன் கண்ணால் பார்க்கட்டும். படிப்பு விஷயம் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதலாம். பின் அறையில் என் புத்தகங்களை எடுத்துவிட்டேன். டிக்கெட் காசு பற்றி யோசிக்காதே.

குளிர் அங்கே ஏப்ரல் வரைக்கும் நிற்கும்தானே. ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அம்மா புறக்கோட்டையில் கம்பளி நூல் வாங்கிவந்து காது மூடுகிற தொப்பி பின்னுகிறாள், நுவரெலியாவில் பழகின அதே பின்னல். சிவப்பு ஒன்று முடிந்துவிட்டது. கறுப்பு பாதி. நீல நூலும் வாங்கி வைத்திருக்கிறாள், தொடங்கவில்லை. இரண்டா மூன்றா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா