மேல் போல்ட்டை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு காலையில் ஹெல்மெட்டோடு ரோடு பைக் எனும் சைக்கிள் ஓட்டுபவர்களின் படம் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. பார்க்கச் சந்தோஷம்தான். அந்த சைக்கிளில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டியிருந்தால் என்ன பாடு என்பதையும் யாராவது எழுதலாம். என் முழங்கைச் சிராய்ப்பு காய்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வயது 61. கோவையில் 34 வருடம் லேத் ஓட்டியவன். அக்கா மகன் வெளிநாடு போகும்போது தன் சைக்கிளை என்னிடம் விட்டுப்போனான். அவன் ஆறடி, நான் ஐந்தேகால். ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டெம் அதில் 110 மி.மீ. நீளம். எட்டிப் பிடித்து ஓட்டினால் மருதமலை அடிவாரம் போவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். 80 மி.மீ. ஸ்டெம் ஒன்று வாங்கி, பல வருடமாகப் பழகிய சைக்கிள் கடையில் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து முன் பிரேக் பிடித்தால் 'டக்' என்று ஒரு ஆட்டம். திரும்பப் போனேன். மேலே மூடிமீது இருக்கும் போல்ட்டை இன்னும் இறுக்கி, "புதுசு, போகப் போக சரியாயிடும்ணா" என்றார். மூன்றாம் நாள் வடவள்ளி அருகே ஒரு குழிக்கு ஒதுங்கத் திருப்பினேன். ஹேண்டில்பார் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நான் மண்ணில் கிடந்தேன். பின்னால் பஸ் எதுவும் வராதது என் நல்ல நேரம்.

வீட்டுக்கு வந்து கழற்றினேன். காரணம் புரிந்ததும் கடைக்காரர்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது. நம் பழைய சைக்கிளில் மேலே இருக்கும் அந்த நீள போல்ட்தான் எல்லாவற்றையும் பிடிக்கும். இறுக்கினால் அடியில் உள்ள ஆப்பு, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்க்குள் நெருக்கிக்கொள்ளும். நாற்பது வருடம் அதையே செய்த கை அவருடையது. இந்தப் புது சைக்கிளிலும் அதே இடத்தில் ஒரு போல்ட் இருக்கிறது, ஆனால் வேலை வேறு. அது ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கில் ஆட்டம் எடுக்க மட்டும்தான். ஸ்டெம்மைக் குழாயோடு பிடிப்பது பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்ன போல்ட்டுகள். அவர் மேலே முழு பலத்தைக் காட்டிவிட்டு, அந்த இரண்டையும் பேருக்குத் திருகியிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. வெர்னியர் என்ற அளவுகோல் வைத்துப் பார்த்தேன். குழாயின் விட்டம் 28.6 மி.மீ., ஹேண்டில்பார் 31.8. இரண்டும் புது ஸ்டெம்முக்குச் சரியான அளவுகள்தான். ஆனால் குழாயைப் பிடிக்கும் பகுதியின் உயரம் பழையதில் 42, புதியதில் 39. குழாயின் நுனி ஸ்டெம்மின் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே இருக்க வேண்டும். எனக்கோ இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன. மூடி குழாயின்மேல் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் பேரிங்குக்கு அழுத்தம் எங்கே போய்ச் சேரும்?

நண்பர் பட்டறையில் 3 மி.மீ. கனத்தில் ஓர் அலுமினிய வளையம் கடைந்து ஸ்டெம்முக்கு அடியில் போட்டேன். (கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். லேத்காரனுக்குக் கை சும்மா இருக்காது.) பக்கவாட்டு போல்ட்டுகள் லூஸாக இருக்கும்போதே மேல் போல்ட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது, முன் சக்கரத்தைத் தூக்கினால் ஹேண்டில் தடையில்லாமல் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வைத்து, பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினேன். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் முன் தகட்டின் நான்கு போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினேன், மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக வரும்படி.

எவ்வளவு இறுக்கம் என்று ஸ்டெம்மிலேயே அச்சடித்திருக்கிறான். என்னுடையதில் 5 நியூட்டன் மீட்டர். 10 செ.மீ. நீள ஆலன் கீயின் நுனியில் சுமார் 5 கிலோ எடை தொங்கினால் என்ன அழுத்தமோ, அவ்வளவுதான். என் குழாய் அலுமினியம். கார்பன் ஃபைபர் குழாயாக இருந்தால் இதில் தாராளம் காட்டினால் வெளியே தெரியாமலே விரிசல் விடும்.

நான் விழுந்த கதையைப் போனில் சொன்னதும் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். 2006 பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்கபி என்ற அமெரிக்க வீரருக்கு அந்தக் குழாயே முறிந்து, ஹேண்டில்பார் தனியாகக் கழன்று வர, அவர் விழுகிறார். இரண்டாவது முறை பார்க்க மனம் வரவில்லை.

நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ரூபாய்க்கு இந்த சைக்கிள்களை விற்கும் கடைகள் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கி வைத்தால் என்ன? உங்கள் ஞாயிறு இணைப்பிலும் ஒரு படம் போட்டு, எந்த போல்ட் எதைப் பிடிக்கிறது என்று காட்டலாம். படம் வரைய ஆள் இல்லையென்றால் என் ஸ்டெம்மைக் கழற்றிக்கொண்டு வருகிறேன். நம்ம கடைக்காரரிடம் போன வாரம் அப்படித்தான் கழற்றிக் காட்டினேன். சண்டை ஒன்றும் இல்லை. மூடியைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு முன்னால் மாட்டிக் கொடுத்த இரண்டு பேருக்குப் போன் போட ஆரம்பித்தார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
கோவை.